நெஞ்சு அடித்துக்கொண்டால் அது பயமா, ஊக்கமா?

வானொலி நிலையத்தில் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால் ஐந்து விநாடி இருக்கும். அந்த ஐந்து விநாடிக்கு எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் காதில் மாட்டிய ஒலிப்பானை மீறி என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கும். "வணக்கம்" என்று சொன்னதும் தானாக அடங்கிவிடும்.

ஒரு தீபாவளி விடுமுறையில் பாட்டியிடம் இதைச் சொன்னேன். கேமரன் மலையில், தானா ராத்தாவைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்தவர் அவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "கூடையத் தூக்கிக்கிட்டு நிறுவைக்குப் போறப்ப எனக்கும் அப்படித்தாம்மா அடிக்கும். மேடு ஏறுனதுக்கு அடிக்குதா, இன்னிக்குக் கிலோ வந்திருக்குமான்னு அடிக்குதா, யாரு கண்டா!"

பாட்டி வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அறிவியலாளர்கள் பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருப்பதும் இதே கேள்வியோடுதான். உடல் உழைப்பால் துடிக்கும் இதயம் ஒன்று. சாதிக்க வேண்டும் என்ற ஆசையால் துடிக்கும் இதயம் இன்னொன்று. தோற்றுவிடுவோமோ என்று துடிப்பது மூன்றாவது. வெளியில் கேட்கும் சத்தம் ஒன்றுதான். உள்ளே நடப்பது வேறு வேறு. அந்த வேறுபாடு நம் வேலையையும், பிள்ளைகளின் படிப்பையும், கடைசியில் நம் ஆயுளையும் தொடுகிறது.

எட்டும் தூரத்தில் ஒரு குறி

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929ஆம் ஆண்டில். மலைச்சரிவில் காட்டை வெட்டிச் செடி நட்டதும், பனியில் நனைந்தபடி "இரண்டு இலை, ஒரு மொட்டு" என்று கிள்ளியதும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கைகள்தாம். பறித்த எடைக்கு ஏற்ற கூலி. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்றால், ஒரு கூடை நிறைய எத்தனை முறை விரல் மடங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பாட்டிக்கு ஒரு வழக்கம் இருந்ததாம். நேற்றைய எடை நினைவில் இருக்கும். அதைவிட இரண்டு கிலோ கூட. அதுதான் அன்றைய குறி. பக்கத்து நிரையில் பறிக்கும் கைராசிக்காரியின் எடையைக் குறியாக வைத்ததே இல்லையாம். "அவ கை வேற, என் கை வேற" என்பார்.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி செய்த இந்த வேலையைத்தான் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்கிலெலண்ட் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். தூரத்தில் ஒரு முளையை நட்டு, அதில் வளையத்தை எறியச் சொல்வது அவருடைய புகழ்பெற்ற சோதனை. எங்கிருந்து எறிவது என்பது ஆடுபவர் விருப்பம். சாதிக்கும் ஊக்கம் குறைந்தவர்கள் முளைக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள், அல்லது எட்டாத தூரத்துக்குப் போய் எறிந்தார்கள். பக்கத்தில் நின்றால் தோல்வி இல்லை. எட்டாத தூரத்தில் தோற்றால் அவமானம் இல்லை. ஊக்கம் மிகுந்தவர்கள் நின்றதோ நடுவில். கொஞ்சம் முயன்றால் விழும், முயலாவிட்டால் விழாது என்ற தூரத்தில்.

இந்த ஊக்கம் பிறவியில் வருவதா, கற்றுக்கொடுக்கக் கூடியதா? அதைச் சோதிக்க மெக்கிலெலண்ட் இந்தியாவுக்கே வந்தார். 1964இல் ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து, ஆந்திரத்தின் காக்கிநாடா நகர வணிகர்களுக்குச் சுமார் பத்து நாள் பயிற்சி அளித்தார். பணம் கொடுக்கவில்லை, கடன் கொடுக்கவில்லை. எட்டக்கூடிய குறியை வைப்பது, அதை நோக்கி எடுக்கும் ஒவ்வோர் அடியையும் அளந்து பார்ப்பது, இவற்றைத்தான் பழக்கினார். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகமாகப் புதிய தொழில்களைத் தொடங்கினார்கள், அதிகம் பேருக்கு வேலை கொடுத்தார்கள். டேவிட் வின்டருடன் சேர்ந்து 1969இல் அவர் வெளியிட்ட நூல் இதை விவரிக்கிறது.

இதயத்துக்கும் கணக்குத் தெரியும்

இனி இதயத்துக்கு வருவோம். ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்பு. இரண்டு துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரம் கடிகாரம்போல் ஒரே அளவாக இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் அப்படி இல்லை. அமைதியாக இருக்கும்போது மூச்சை இழுத்தால் துடிப்பு சற்று விரையும், விட்டால் சற்றுத் தளரும். மனத்தைக் குவித்து ஒரு கடினமான வேலையில் இறங்கினால் இந்த ஏற்ற இறக்கம் குறைந்துவிடும். ஆகவே ஒருவர் எவ்வளவு மூளையைச் செலவிடுகிறார் என்பதை இதயத்தின் வழியே ஓரளவு படிக்கலாம்.

ஊக்கத்தின் அளவு குறித்து ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் ஒரு கொள்கையை முன்வைத்தார். ரெக்ஸ் ரைட், ஜெனீவாவைச் சேர்ந்த கைடோ கெண்டோலா போன்றவர்கள் அதை இதயத்தின் வழியே அளந்து பார்த்தார்கள். எளிய வேலை கொடுத்தால் இதயம் பெரிதாக அசையவில்லை. வேலை கடினமாகக் கடினமாக இதயத்தின் உழைப்பு ஏறியது. வேலை இனி முடியவே முடியாது என்ற நிலைக்குப் போனதும் அந்த உழைப்பு சட்டென்று இறங்கிவிட்டது. இதயம் வீண் செலவு செய்வதில்லை. "முடியும், அதனால் பயனும் உண்டு" என்று மனம் நம்பும் வரைதான் அது கூட ஓடும்.

"மனசு விட்டுப்போச்சு" என்று நாம் சொல்வது வெறும் பேச்சு வழக்கு என்று நினைத்திருந்தேன். உடலும் அதையே சொல்கிறது.

பெற்றோர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். கணக்கில் நாற்பது மதிப்பெண் எடுக்கும் பிள்ளையிடம், "அடுத்த பரீட்சையில் ஏ எடுக்கணும்" என்று சொல்கிறோம். பிள்ளை தலையாட்டுகிறது. ஆனால் உள்ளே கணக்கு முடிந்துவிட்டது. முடியாது என்று தெரிந்த மேட்டை ஏற இதயம் கிளம்புவதில்லை. பிறகு "உனக்கு அக்கறையே இல்லை" என்று திட்டுகிறோம். நாற்பதிலிருந்து ஐம்பது என்று சொல்லியிருந்தால் பிள்ளை நடந்திருக்கும்.

பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. வெற்றியை நாடி உழைப்பவர்கள், தோல்வியைத் தவிர்க்க உழைப்பவர்கள் என்று இரு வகையினருக்கும் நினைவாற்றல் சோதனை வைத்தார்கள். கடினமான கட்டத்தில் வெற்றியை நாடியவர்களின் இதயம் கூடுதல் மனஉழைப்பைக் காட்டியது, அவர்களின் செயல்திறனும் மேலாக இருந்தது. இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேலையைத்தான் செய்தார்கள். எதற்காக ஓடுகிறோம் என்பது மட்டும்தான் வேறு.

ஒரே படபடப்பு, இரண்டு பெயர்கள்

நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள். உள்ளங்கை வியர்க்கிறது. நெஞ்சு அடிக்கிறது. இது எந்த வகை?

ஜிம் பிளாஸ்கோவிச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். "என்னிடம் இருப்பதைக் கொண்டு இதைச் சமாளிக்க முடியும்" என்று நினைக்கும்போது இதயம் வேகமாக அடிக்கும், அதோடு இரத்தக் குழாய்களும் தளர்ந்து வழிவிடும். இரத்தம் தாராளமாகப் பாயும். "என்னால் ஆகாது, மாட்டிக்கொண்டேன்" என்று நினைக்கும்போதும் இதயம் அடிக்கும், ஆனால் குழாய்கள் அப்படி வழிவிடுவதில்லை. வாய்க்காலை அகலப்படுத்திவிட்டு நீர் இறைப்பதற்கும், மடையை அடைத்துவிட்டு இறைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

நல்ல செய்தி, இந்தப் படபடப்புக்கு நாம் வைக்கும் பெயரை மாற்ற முடியும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெரமி ஜேமிசனும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாரான மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், "தேர்வில் படபடப்பு வருவது கெடுதல் இல்லை, அது உங்களுக்கு உதவவும் செய்யலாம்" என்று சொன்னார்கள். அவ்வளவுதான். அதைக் கேட்டவர்கள் கணிதப் பகுதியில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த சோதனை இன்னொன்று உண்டு. அதில் கராவோக்கே வருகிறது! ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்டது. பாடுவதற்கு முன் சிலர் "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்றும், சிலர் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்றும் சொல்ல வேண்டும். மதிப்பெண் போட்டது கணினி. உற்சாகம் என்று சொன்னவர்கள் நன்றாகப் பாடினார்கள். அவர்களின் இதயத் துடிப்பு மட்டும் குறையவே இல்லை! அதாவது படபடப்பை அடக்க வேண்டிய தேவையே இல்லை. அதற்கு நல்ல பெயர் வைத்தால் போதும்.

இதைப் படித்த பிறகு சிவப்பு விளக்குக்கு முன்னால் நான் "அமைதி, அமைதி" என்று சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டேன். "சரி, கிளம்பிட்டோம்" என்கிறேன். நெஞ்சு அடிப்பது அப்படியேதான் இருக்கிறது, வாய் குளறுவது குறைந்திருக்கிறது.

எல்லா வேலைக்கும் வேகமான இதயம் உதவும் என்றும் இல்லை. ஓஹாயோவில் ஆராய்ச்சி செய்த ஜான் லேசி, பியாட்ரிஸ் லேசி தம்பதியர், மனக்கணக்குப் போடும்போது இதயம் விரைவதையும், வெளியே ஒன்றைக் கூர்ந்து கவனிக்கும்போது அது தளர்வதையும் கண்டார்கள். தேர்ந்த துப்பாக்கி சுடும் வீரர்களின் இதயம் விசையை அழுத்துவதற்குச் சில விநாடிகள் முன்பு மெதுவாகிறது. கிளம்பத் தெரிந்த இதயத்துக்கு அடங்கவும் தெரிய வேண்டும்.

ஓடிக்கொண்டே இருந்தால்?

இதுவரை எழுதியது பாதிக் கதை. மீதிப் பாதியை எனக்குக் காட்டியவர் என் பெரியப்பா மகன்.

எங்கள் லயத்தில் பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள் அண்ணன். தோட்டத் தமிழ்ப்பள்ளி, பிறகு ஊர் இடைநிலைப்பள்ளி, பிறகு பொறியியல். கோலாலம்பூரில் வேலை, வார இறுதியில் கூடுதலாக இன்னொரு வேலை. படிப்புக் கடன், தங்கையின் கல்யாணம், தோட்டத்தை விட்டு வெளியேறிய பெற்றோருக்கு ஒரு வீடு என்று அத்தனையையும் அவர் தோளில் போட்டோம். "அவனப் பாரு" என்று சொல்லித்தான் எங்கள் எல்லாரையும் வளர்த்தார்கள். 36 வயதில் அலுவலகத்தில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்தார்கள். தாதி இரண்டு முறை அளந்துவிட்டு, "யாருடன் வந்தீர்கள்?" என்று கேட்டாராம்.

அண்ணன் நன்றாக இருக்கிறார், மாத்திரை எடுக்கிறார். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட அன்று பாட்டி சொன்னது என்னை விட்டுப் போகவில்லை. "நாங்க கூடையத்தான் சுமந்தோம். அவன் எங்க எல்லாரையும் சுமந்திருக்கான்."

அமெரிக்காவின் நார்த் கரோலினாவில் ஷெர்மன் ஜேம்ஸ் என்ற நோய்ப்பரவல் ஆய்வாளர், 1978இல் ஓய்வு பெற்ற ஒரு கறுப்பின விவசாயியைச் சந்தித்தார். ஜான் ஹென்றி மார்ட்டின் என்பது பெயர், 1907இல் பிறந்தவர். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தானாகவே எழுதப் படிக்கக் கற்று, கடன் வாங்கி 75 ஏக்கர் நிலம் சேர்த்தார். நாற்பது ஆண்டுகளில் அடைக்க வேண்டிய கடனை இரவு பகலாக உழைத்து ஐந்தே ஆண்டுகளில் அடைத்தார். ஐம்பதுகளின் முடிவில் அவருக்கு உயர் இரத்த அழுத்தம், மூட்டுவாதம், குடற்புண். வயிற்றின் 40 விழுக்காட்டை அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று.

ஜேம்ஸ் அதிர்ந்தது அவர் பெயரைக் கேட்டுத்தான். அமெரிக்க நாட்டுப்புறக் கதையில் ஜான் ஹென்றி என்றொரு தொழிலாளி உண்டு. பாறையைத் துளைக்கும் நீராவி இயந்திரத்தோடு சம்மட்டியால் போட்டியிட்டு வென்றவன், வென்ற கையோடு சோர்ந்து விழுந்து இறந்தவன். வசதி குறைந்த நிலையில் இருந்துகொண்டு, இடைவிடாத உழைப்பாலேயே எல்லாவற்றையும் வென்றுவிட முனையும் போக்குக்கு ஜேம்ஸ் "ஜான் ஹென்றியிசம்" என்று பெயரிட்டார். அதை அளக்கப் பன்னிரண்டு கேள்விகளையும் அமைத்தார். அவருடைய ஆய்வுகளில், இந்தப் போக்கு மிகுந்து வசதி குறைந்தவர்களிடம்தான் உயர் இரத்த அழுத்தம் அதிகம் தென்பட்டது. அதே அளவு உழைக்கும் வசதியானவர்களிடம் அப்படித் தெரியவில்லை. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைக் காணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. உழைப்பு மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாத உழைப்பு சாய்க்கிறது.

2015இல் கிரெகரி மில்லர் குழுவினர் ஜார்ஜியா மாநிலக் கிராமப்புறக் கறுப்பின இளைஞர்களைப் பற்றி எழுதியது இன்னும் நெருக்கமானது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளில் கட்டுப்பாடு மிகுந்தவர்கள் மனநலத்திலும் நடத்தையிலும் நன்றாகவே இருந்தார்கள். ஆனால் அவர்களின் உயிரணுக்கள் வயதுக்கு மீறி மூப்படைந்திருந்தன. வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த விலை தெரியவில்லை.

எடைக்குக் கூலி என்ற முறையின் ஆபத்தை ஆடம் ஸ்மித் 1776லேயே எழுதிவிட்டார். செய்த அளவுக்குக் கூலி நன்றாகக் கிடைத்தால் தொழிலாளி தன்னை மீறி உழைத்துச் சில ஆண்டுகளில் உடலைக் கெடுத்துக்கொள்வான் என்றார். லண்டன் தச்சன் ஒருவனின் முழு வலு எட்டு ஆண்டுக்கு மேல் நிற்பதில்லை என்று உதாரணமும் காட்டினார். இன்று தோட்டத்தில் கத்தரிக்கோலும் இருவர் தூக்கும் இயந்திரமும் கொழுந்தை வெட்டுகின்றன, அவற்றைப் பிடிக்கும் கைகளில் பல வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவை. நம் பிள்ளைகள் மலை இறங்கிவிட்டார்கள். ஆனால் நிறுவைத் தராசு கூடவே இறங்கி வந்திருக்கிறது. விற்பனை இலக்கு, கமிஷன், இரவில் ஓட்டும் வாடகைக் கார், விடிய விடிய வரும் புலனச் செய்தி, எல்லாமே வேறு வடிவத்தில் கிலோ கணக்குத்தான்.

தராசை வீட்டில் வையுங்கள்

2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. உணவு, மரபு, உடற்பயிற்சிக் குறைவு என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாப் பழியையும் உழைப்பின் மேல் போட முடியாது. ஆனால் ஏற்கெனவே சுமை ஏறிய இதயத்தோடுதான் நம்மில் பலர் ஓடுகிறோம் என்பதை மறக்கக்கூடாது.

ஆகவே சில காரியங்கள்.

குறியை ஒரு படி மேலே மட்டும் வையுங்கள். பிள்ளைக்கும் அப்படியே, உங்களுக்கும் அப்படியே. பக்கத்து நிரைக்காரியின் எடை உங்கள் குறி அல்ல.

தேர்வுக்கோ கூட்டத்துக்கோ போகும் முன் நெஞ்சு அடித்தால், "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள், பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். "உடம்பு தயாராகிவிட்டது" என்று சொல்லுங்கள். பிறகு மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள்.

ஒரே பிள்ளையின் தோளில் குடும்பத்தையே ஏற்றாதீர்கள். முதல் பட்டதாரியைப் பாராட்டுங்கள், அதோடு அவனுடைய மாதக் கணக்கையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கடனில் ஒரு பங்கை இன்னொருவர் ஏற்பது மாத்திரைக்குச் சமம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதுவும் ஒரு மருந்துதான்.

இரத்த அழுத்தம் பாருங்கள். 140/90 என்பது எச்சரிக்கைக் கோடு. மேலே போனாலும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அரசாங்கச் சுகாதார நிலையங்களில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். குறைந்த வருமானம் பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தின் கீழ் இலவசப் பரிசோதனை உண்டு. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இடது கை அல்லது தாடை வரை பரவும் வலி வந்தால், "பதற்றம்தான்" என்று பெயர் வைத்து உட்கார்ந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த நேரத்தில் பெயர் மாற்றும் வித்தை உதவாது.

தேயிலைச் செடியை அப்படியே விட்டால் மரமாகிவிடும். இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம் பறிப்பதும் கவாத்து வெட்டுவதும்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளையை வெட்டி, புதுத் துளிர் வந்து நிரம்பும்வரை அந்த நிரையில் யாரும் கை வைக்கமாட்டார்கள். "அந்தச் செடிக்கு இப்ப லீவு" என்பார் பாட்டி.

சென்ற மாதம் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். வார இறுதி வேலையை விட்டுவிட்டாராம். தங்கையும் அவள் கணவரும் வீட்டுக் கடனில் பாதியை எடுத்துக்கொண்டார்களாம். பாட்டி அவர் கையைப் பிடித்து, மேசைமேல் இருந்த இரத்த அழுத்தக் கருவியில் தானே பட்டையைச் சுற்றினார். எண் தெரிந்ததும் எங்களிடம்தான் கேட்டார், தனக்குப் படிக்கத் தெரியாது என்று. சொன்னோம்.

"நேத்தைய விட எவ்வளவு கம்மி?" என்றார்.